சிட்-அவுட் சுவரில் டிவி

கேள்வி: வீட்டுக்கு வெளியே சிட்-அவுட் சுவரில் டிவி மாட்ட ஆசை. மேலே ஓட்டுச் சாய்ப்பு இருக்கிறது. ஹால் டிவியையே மாட்டிவிடலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஐப்பசி மழை உங்கள் ஊரில் நேராகவா பெய்கிறது? சாய்ப்பு மழையைத் தடுக்கும். சாரலையும் உப்புக் காற்றையும் தடுக்காது. ஹால் டிவியின் முதுகைப் பாருங்கள், சூடு வெளியேற வரிசையாகத் துளைகள். உப்பு ஈரம் அந்த வழியே போய் போர்டை அரிக்கும். வெதுவெதுப்பான இடம் கிடைத்ததென்று பல்லியும் எறும்பும் வாடகை தராமல் குடியேறும்.

வெளியில் வைப்பதற்கென்றே வரும் டிவிதான் சரி. ‘ஐபி55’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முதல் 5 தூசிக்கு, அடுத்த 5 பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. விலை கூடத்தான். ஆனால் 300 நிட் வெளிச்சமுள்ள ஹால் டிவியில் பகலில் கிரிக்கெட் போட்டால் பந்து தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். நிழலிலேயே 700 நிட்டாவது வேண்டும். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம்.

துளை போடும்போது சாம்பல் தூள் கொட்டினால் அது வெறும் பூச்சு. செந்தூள் வரும்வரை, அதாவது செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும்வரை போடச் சொல்லுங்கள். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் சுவிட்சைப் போடவே போடாதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடி வருவார்கள்.