கடவுச்சொல் தெரியாத முதலாளி

2000-ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு, அம்மா தைத்த பூப்போட்ட உறை. மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யு.வுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. அடுத்தது, செருப்போடு அந்த அறைக்குள் யாரும் நுழையக் கூடாது என்ற சட்டம். என்னமோ வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி. மூன்றாவதுதான் அப்பாவின் பெருமை: கடவுச்சொல்.

விண்டோஸ் 98 கேட்ட கடவுச்சொல்லைப் பற்றிச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பெட்டி ஒன்று தோன்றி, கடவுச்சொல் என்ன என்று அதிகாரமாகக் கேட்கும். எஸ்கேப் பட்டனைத் தட்டினால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். இந்த ரகசியம் அப்பாவுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும் என்பதும் தெரியாது. "பசங்க கை வச்சா கெட்டுடும்" என்று அணைத்துவிட்டு ஆபீஸ் கிளம்புவார். அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் சாலிட்டேரில் சீட்டுப் பிரித்திருப்போம்.

பசங்கள் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. சி டிரைவில் இடம் இல்லையென்று பெயர் புரியாத ஃபைல்களை அண்ணன் ஒருமுறை கூண்டோடு அழித்தான். அதைச் சரிசெய்ய, கம்ப்யூட்டர் கடைப் பையன் திருட்டு சி.டி.யோடு வந்து ஃபார்மட் அடித்துவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் அது ஒன்றே மருந்து.

ஆனால் பெரிய கூத்து நடந்தது 2002-இல். உலகம் முழுக்க ஒரு மின்னஞ்சல் சுற்றியது. 'உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அது வைரஸ். பதினான்கு நாள் பதுங்கியிருந்து பாயும். உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.' அப்பா தேடினார். இருந்தது, கரடி சிரித்துக்கொண்டிருந்தது. அழித்தார், குப்பைத்தொட்டியையும் காலி செய்தார், நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு எச்சரித்தார். அது விண்டோஸோடு கூடவே வந்த ஃபைல். ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்கு உதவ மைக்ரோசாஃப்ட் வைத்தது. மற்றவர்களுக்கு அது இருந்தும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை; அந்தக் கடிதத்தைப் பரப்பும் வேலையை மனிதர்களே செய்துகொடுத்தார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. குறைந்த அதிகாரம் உள்ள கணக்கு என்ற நல்ல ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் நிறுவும்போது உருவாகும் கணக்குகளெல்லாம் முழு அதிகாரத்தோடுதான் பிறந்தன. வீட்டில் யார் அடங்கிய கணக்கை ஏற்பார்கள்? ஏற்றால் பாதி விளையாட்டுகள் ஓடாது. 2007-இல் விஸ்டா ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தது. ஊரே படிக்காமல் 'ஆம்' போடப் பழகிக்கொண்டது. பிரவுசிங் சென்டர்க்காரர்கள்தான் விவரமானவர்கள். டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டார்கள். யார் என்ன கெடுத்தாலும் மறுபடி ஆன் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இரவெல்லாம் தட்டச்சிய புராஜெக்ட்டும் அதோடு போய்விடும், அது வேறு.

இப்போது அப்பாவுக்கு லேப்டாப். முதலாளி அவர், அட்மின் கடவுச்சொல் மட்டும் அவருக்குத் தெரியாது. வைத்திருப்பவள் என் மகள். எதை நிறுவ வேண்டுமானாலும் "தாத்தா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள். எஸ்கேப் பட்டனும் இப்போது வழிவிடுவதில்லை.

கோட்டை இவ்வளவு பலமாக இருந்தும் போன மாதம் ஒரு குரல் 'பேங்கிலிருந்து பேசுகிறோம்' என்றது. கே.ஒய்.சி. முடியப் போகிறதாம், திரையைப் பகிரும் சின்னச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னது. அந்த வகைச் செயலிகளில் பல, நிறுவாமலே ஓடும். அட்மின் கடவுச்சொல்லைக் கேட்காது. அப்பா இறக்கியும்விட்டார். திரையில் வரும் எண்ணைச் சொல்லும்படி அந்தக் குரல் கேட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "யாருங்க போன்ல?" என்றாள். அதோடு சரி.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரில் சாதாரணக் கணக்கு போட்டுக்கொடுங்கள். நீங்களும் அன்றாட வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைத்து, அதைக் கழற்றியும் வையுங்கள். பணம் போய்விட்டால் கடைப் பையனைக் கூப்பிடாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.