செட் இன்னும் வரல

அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்கு சேலத்தில் ஒரு மண்டபத்தில். நாலு மணிக்கே அங்கே போய் நின்றுகொண்ட மாமா, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்றே வார்த்தை போட்டார்: 'செட் இன்னும் வரல.' அதோடு அவர் போன் அணைந்துவிட்டது.

வீட்டில் முதலில் அலறியது அக்கா. பாலிஷ் போடக் கொடுத்திருந்த நெக்லஸ் செட்டைத்தான் சொல்கிறார் என்று அடித்துச் சொன்னாள். "நேத்தே வாங்கிட்டு வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா இந்த மனுசன்?"

என் தம்பிக்கு வேறு கவலை. மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பொறுப்பு அவனுடையது. கொடுத்தானா என்று கேட்டதற்கு, "சொல்லியிருக்கேன்" என்றான். அக்கா மகன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "எங்க செட்டு பசங்களைச் சொல்றாரு. எல்லாரும் பஸ் ஏறியாச்சு மாமா" என்றான். மணப்பெண்ணோ ஒரு கண்ணில் மை தீட்டிய கோலத்தில் எழுந்து ஓடி வந்தாள். உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வு எழுதியிருக்கிறாள். அதற்கும் பெயர் செட். "ரிசல்ட் வரலைன்னு இப்ப எதுக்கு மாமா அப்பா குரூப்ல போடறாரு?"

எண்பத்தொரு வயது அப்பா மட்டும் நிதானமாக இருந்தார். பொக்கை வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எம்பல்லைத்தான் சொல்றான்" என்றார். விரிசல் விட்ட பல்செட்டைச் சரிபண்ணக் கொடுத்து நாலு நாள் ஆகிறது.

ஆளாளுக்கு ஒரு திசையில் போன் போட்டுக்கொண்டிருக்க, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சொல்லாராய்ச்சிக்குத் தோதான நேரம் அது.

ஆங்கிலேயனும் இந்தச் சொல்லிடம் படாத பாடு பட்டவன்தான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிலேயே நீளமான பதிவு 'செட்' என்பதற்குத்தான். ஏறக்குறைய 60,000 சொற்கள்; ஒரு நாவலே எழுதிவிடலாம். பிறகு 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு அதை முந்திக்கொண்டது. நமக்கு ரன் என்றால் கிரிக்கெட்டில் எடுப்பது, அதோடு சரி. செட் அப்படியா? பல்லில் தொடங்கி நகைவரை குடும்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

உண்மையில் இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. வைத்தல், பொருத்துதல் என்ற பொருளில் வரும் செட், உட்காரவைப்பதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல்லின் வழி வந்தது. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட்டோ பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சரக்கு. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதற்குப் பங்காளி. ஆக, அக்கா மகன் 'எங்க செட்டு' என்று சொல்லும் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவகையில் தனி மதம்தான். பழகிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நாம் அதோடு விடவில்லை. 'ஷெட்' என்ற சொல்லையும் பிடித்து இதற்குள் தள்ளி, கார் செட், மாட்டுச் செட், தகர செட் என்று ஆக்கிவிட்டோம். சின்ன வயதில் பம்பு செட்டில் குளிக்கப் போவோம். பம்பு செட் என்றால் மோட்டாரா, மோட்டார் இருக்கும் அறையா, தண்ணீர் வந்து விழும் தொட்டியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒருநாளும் குளியல் தடைபட்டதில்லை. இன்னொன்று: அந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பதிப்புக்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் மர்ரே வேலை பார்த்தது, வீட்டுத் தோட்டத்தில் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகையில். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், தகர செட்.

ஆனால் அந்த 60,000 சொல்லிலும் அகப்படாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: 'செட் ஆகல'. முன்பெல்லாம் ஒரு வரனைத் தட்டிக்கழிக்க ஜோசியர் தேவைப்பட்டார். பழியையும் அவரே சுமந்தார். இப்போது 'செட் ஆகலைங்க' என்றால் தீர்ந்தது. யாருக்கு யார் செட் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை, எதுவும் கிடையாது. எழுவாயே இல்லாத வாக்கியத்தில் யார் மேல் குற்றம் சொல்வது? சென்னைத் தண்ணியும் செட் ஆகாது, புது மேனேஜரும் செட் ஆகமாட்டார். இதே செட்டோடு ஒரு 'அப்' சேர்த்தால் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "அவருக்கு அங்க ஒரு செட்டப்" என்றால், அது மைக் செட்காரர் கட்டும் சமாசாரம் அல்ல.

ஐந்தரைக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தோம். நெக்லஸ் செட் மாமாவின் பையில் பத்திரமாக இருந்தது. மைக் செட், காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது. மாமா வாசலில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த செட்டைத்தான் சொன்னீங்க?" என்றாள் அக்கா, பல்லைக் கடித்தபடி.

"தட்டுவடை செட்டு! நாலு மணிக்கு வரேன்னான் வண்டிக்காரன்."

சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உள்ளங்கையளவு மொறுமொறு தட்டுவடை ஒன்று, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட்டும் வெங்காயமும் ஒரு பிடி, எலுமிச்சை ஒரு பிழி, மேலே மூடியாக இன்னொரு தட்டுவடை. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்றவர்களின் சட்டையில் பீட்ரூட் சாட்சி சொல்லும்.

வண்டி வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மேடையை விட்டுவிட்டு அதைச் சூழ்ந்துகொண்டார்கள். பல்செட் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் ஒரு செட்டை வாயில் போட்டு, சத்தம் வராமல் மெல்லப் பார்த்தேன். முடியவில்லை. அப்பா என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியருகே போனார்.

"தம்பி, செட்டு வேண்டாம். ரெண்டைக் கையில நொறுக்கி நொறுக்கலாப் போடு. சட்னி நல்லா ஊத்தி அஞ்சு நிமிசம் ஊறட்டும். நான் இங்கியே நிக்கறேன்."