பக்கத் தாவல் ஸ்தான நிர்ணயம்

உலகத்தில் தீராத விவகாரங்கள் பல உண்டாயினும், கணினித் திரையின் ஓரத்தில் அடுக்கி வைக்கப்படும் தாவல்கள் இடப்புறம் இருத்தல் தகுமா, வலப்புறம் இருத்தல் தகுமா என்னும் விவகாரத்தைப் போல, கோடிக்கணக்கானோர் அனுதினமும் அனுபவித்தும் மிகச் சிலரே சிந்தித்தும் கிடக்கிற விஷயம் பிறிதொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆதலின் இதனைப் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூன்று பிரமாணங்களாலும் ஆராய்ந்து முடிவுகட்டத் துணிந்தோம். ஆராய்ச்சிக்குரிய க்ஷேத்திரமாகக் கோவில்பட்டியைக் கொண்டதற்குக் காரணம் கேட்பாருண்டேல், 2020-ஆம் ஆண்டில் தன் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்றதும், தீப்பெட்டித் தொழிலால் நாடறிந்ததுமான இவ்வூரில், லாரியில் சரக்கு ஏறுமுன் கணக்கில் பில் ஏறியாக வேண்டியிருப்பதால், பொழுது விடிந்து பொழுது அடையும் வரையில் திரைக்கு முன்னால் வீற்றிருக்கும் கணக்கப்பிள்ளைகளுக்குக் குறைவில்லை என்பதே விடையாம்.

முதற்கண் தாவலின் பூர்வோத்தரம் அறியத் தக்கது. ரோக்கடத்தில் அன்றாடம் எழுதியதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்தேற்றும் தொழிலில், பேரேட்டின் முன்பக்கங்களுடைய ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டு, வெட்டிய இடந்தோறும் ஓர் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதைப் பழைய கணக்கப்பிள்ளைகள் கண்ணால் அன்றி விரலாலேயே அறிந்திருந்தனர். அவ்வெட்டு வலவோரத்தில் அமைந்தது யாதொரு சாஸ்திர விதியாலும் அன்று. இடவோரம் தைக்கப்பட்டுக் கிடந்தமையால், வேறு போக்கின்றி அமைந்ததேயாம். பிற்காலத்தில் கணினியை ஆக்கியோர், பேரேட்டின் ஓரவெட்டையும் கோப்பு அட்டையின் நாக்கையும் திரைக்குக் கொண்டுவந்தபோது, தையலை மட்டும் விட்டுவந்தனர். தையல் இல்லாத ஏட்டுக்கு நான்கு ஓரமும் திறந்த ஓரமே ஆதலால், அன்று தொடங்கி நான்கு கட்சிகள் முளைத்தன.

அவருள் தாவல் மேலே இருக்கவேண்டும் என்பாரை ஊர்த்துவ பட்சத்தார் என்றும், எக்ஸெலின் தாள்களைச் சாட்சி காட்டிக் கீழே இருக்கவேண்டும் என்பாரை அதோ பட்சத்தார் என்றும், இடப்புறத்தாரை வாம பட்சத்தார் என்றும், வலப்புறத்தாரைத் தட்சிண பட்சத்தார் என்றும் இக்கட்டுரை வழங்கும். முதலிரு பட்சத்தாரையும் நிராகரிப்பதற்குக் கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவரே போதும். மானாவாரிப் பூமியில் நிலம் விரிந்து கிடக்கிறது. தட்டுப்பாடெல்லாம் வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழையின் ஈரத்துக்கே. ஆகவே அவர் பருத்தியையும் உளுந்தையும் நடுவில் விதைத்து, ஆமணக்கைக் காட்டின் ஓரமாக நிறுத்துகிறாரேயன்றி, இருக்கிற ஈரத்தில் நடுக்காட்டில் கைவைப்பதில்லை. இக்காலத்துத் திரையும் குறுக்கே 1920 புள்ளியும் நெடுக்கே 1080 புள்ளியுமாக, அகலம் மிகுந்து உயரம் வறண்ட பூமியே. உயரத்தில் தாவலை வைப்போர் அரிதானதைச் செலவிட்டு மலிந்ததைச் சேமிக்கிறவராவர். இவ்வுண்மையை மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவி 2021-ஆம் ஆண்டிலும், ஃபயர்பாக்ஸ் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும் அங்கீகரித்து, விரும்பினோர் தாவல்களை ஓரத்தில் நெடுக்காக அடுக்கிக்கொள்ள இடங்கொடுத்தன.

இனி எஞ்சுவது இடவலப் பிணக்கு. இது அற்பமென்று எண்ணுவோர், தாமஸ் பிட் கவர்னராயிருந்த காலத்தில், 1707-ஆம் ஆண்டில், வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் எந்தத் தெரு யாருக்கு என்று மூட்டிய கலகத்தால் சென்னப்பட்டணமே நிலைகுலைந்ததை நினைவு கூர்க. கணினியுலகிலும் 2010-ஆம் ஆண்டில் உபுண்டு இயங்குதளத்தார், சாளரத்தை மூடும் பொத்தானை வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றினர். கையளவுத் தூரங்கூட இல்லாத இந்த இடமாற்றத்துக்கு எழுந்த ஆட்சேபங்கள் கொஞ்சநஞ்சமல்ல. விண்டோஸிலோ 1995 முதலாக நான்கு ஓரத்துக்கும் நகர்த்தத் தக்கதாயிருந்த பணிப்பட்டை, 2021-இல் வந்த பதினோராம் பதிப்பில் கீழோரத்திலேயே ஆணியடிக்கப்பட்டபோது, அதுவரையில் அதை ஒருநாளும் நகர்த்தியறியாதவர்களும் தங்கள் சுதந்திரம் பறிபோயிற்றென்று வருந்தினர்.

வாம பட்சத்தாரின் வாதங்கள் இரண்டு. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக வாசிக்கப்படுதலின் கண் முதலில் விழுவது இடவோரத்தில் என்பது ஒன்று. மற்றொன்று மிக நுட்பமானது. கேட் (Kate) என்னும் உரைத்தொகுப்பி முதலிய சில மென்பொருள்களில் இடவோரத் தாவலின் எழுத்துக்கள் கீழிருந்து மேலாகவும், வலவோரத் தாவலின் எழுத்துக்கள் மேலிருந்து கீழாகவும் படுக்க வைக்கப்பட்டிருப்பதால், முன்னதை வாசிக்கத் தலை இடப்புறமும், பின்னதை வாசிக்கத் தலை வலப்புறமும் சாய்தல் அவசியமாகிறது. கணக்கப்பிள்ளையோ டெல்லி வியாபாரியுடன் பேசும் பொருட்டுக் கைப்பேசியை இடத்தோளுக்கும் இடக்காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஏற்கெனவே தலையை இடப்புறம் சாய்த்தே இருக்கிறார். ஆகையால் இடவோரத் தாவல் அவருக்கு நேரெழுத்தாகவே தோன்றும் என்பது அவர்கள் கூற்று. இதற்கு மறுப்பு எம்மிடம் இல்லை. ஆயினும் வியாபாரி போனை வைத்தவுடன் இவ்வாதமும் முடிந்துபோகிறது என்பதைச் சுட்டாதிருக்க இயலவில்லை. ஆப்தவாக்கியமாக இருதிறத்தாரும் எடுத்தோதுவது, இலக்கை எட்டும் காலம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் பால் ஃபிட்ஸ் கண்ட விதி. திரையின் விளிம்பைத் தாண்டிச் சுட்டி செல்லமாட்டாது ஆகலின் விளிம்பிலிருப்பதைத் தொடுவது எளிது என்பது அதிலிருந்து பெறப்படும். ஆனால் விளிம்பு இருபுறமும் உண்டு.

தட்சிண பட்சத்துக்குப் பெருந்துணை டாலி. 1986-ஆம் ஆண்டில் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் புதல்வர் பரத் கோயங்காவும் தொடங்கிய இக்கணக்கு மென்பொருளில், பேமென்ட், ரசீது, சேல்ஸ், பர்ச்சேஸ் என்பனவெல்லாம் வலவோரத்திலேயே வரிசையாக நிற்கும். கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதமுமாக இருந்த சரக்கு சேவை வரி 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் டாலியே டாலி பிரைம் என்று புது அவதாரம் எடுத்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயாயிற்று. இத்தனையிலும் வலவோர வரிசை மட்டும் இம்மியும் பெயரவில்லை. இதன் நியாயத்தை மேசையே உரைக்கும். வலக்கை எண் விசைகளின்மேல் இருப்பதால் பில் கட்டு இடப்பக்கம் கிடக்கிறது. பில்லுக்கும் திரைக்குமாகப் போய்வரும் கண்ணுக்கு இடவோரம் பதிவேற்றும் இடமாகவே இருத்தல் சௌகரியம். எனவே தாவல் வலப்புறம் ஒதுங்கியது என்க.

இவ்விடத்தில் ஆராய்ச்சியை முடித்துவிடலாமாயினும், பிரத்தியட்சம் ஒரு பெருந்தடையை எழுப்புகிறது. தேர்ந்த கணக்கப்பிள்ளை அவ்வலவோரத்தைப் பார்ப்பதே இல்லை. 600 பெட்டி கொண்ட பண்டல்கள் இத்தனையென்று பில் வந்ததும் விரல் தானாக எஃப் 8-க்குப் போகிறது; குச்சியும் மெழுகும் வந்திறங்கினால் எஃப் 9-க்குப் போகிறது. அப்படியாயின், எவரும் பாராத அவ்வரிசை எவர் பொருட்டு அங்கே நிற்கிறது? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பொருட்டு என்பாருண்டு. அவரும் முதல் மாதச் சம்பளம் வாங்குமுன் விரலால் பழகிவிடுகிறார். அதனை இடையறாது பார்க்கிறவர் ஒருவரே; அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் முதலாளி.

“ஏப்பா, அந்தா வலது பக்கம் சேல்ஸுன்னு கெடக்குல்ல, அத அமுக்கு” என்று அவர் விரல் நீட்டுகிறார்.

“அமுக்கியாச்சு அண்ணாச்சி” என்கிறார் கணக்கப்பிள்ளை, பில்லில் பாதியை அதற்குள் ஏற்றி முடித்தவராய்.

இதனால் பெறப்படும் சித்தாந்தம் யாதெனில், பக்கத் தாவல் வேலை செய்வோருக்காக ஏற்பட்டதன்று, வேலை ஏவுவோருக்காக ஏற்பட்டது என்பதும், ஆதலால் அதன் ஸ்தானம் ஏவுவோர் நிற்கும் திசையைப் பற்றியே நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பதுமாம். இடப்பக்கம் பில் கட்டு கிடத்தலின் முதலாளிக்கு நிற்க இடமுள்ளது வலப்பக்கமே. அங்கு நிற்பவருடைய விரலுக்கு எட்டுவதும் வலவோரமே. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு வலப்பக்கத்தை அடைத்துவிட்ட ஆபீஸ்களில் இம்முடிவைத் தலைகீழாகக் கொள்க. தனியே இருந்து வேலை செய்வோர்க்கு எப்புறமாயினும் தோஷமில்லை. தாவலை மறைத்து வைக்கும் வசதி உள்ள மென்பொருள்களில், அண்ணாச்சி அட்டை வாங்கச் சிவகாசிக்குப் போயிருக்கும் நாட்களில் அதனை அடியோடு மறைத்துவிட்டு, கிடைத்த அகலத்தைக் கணக்குக்குக் கொடுப்பதையும் சாஸ்திரம் தடுக்கவில்லை.