ஸ்டாண்ட எடுங்க! தமிழகச் சாலைகளின் கைம்மாறு கருதாக் கூச்சல் பற்றி ஓர் ஆராய்ச்சி

தமிழரின் ஈகைக் குணத்தை ஆராய்ந்தவர்கள் கடையெழு வள்ளல்களோடு நின்றுவிட்டார்கள். சிறுபாணாற்றுப்படை ஏழு பேரையும் வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டதால் வந்த சோம்பல் இது. முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுப்போன பாரிக்கும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனுக்கும் மேடைதோறும் புகழ் பாடியாயிற்று. ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒருவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து, நம் பக்கத்தில் வந்து, "சார், ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டு மறைகிறாரே, அவரைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரைகூடக் கிடையாது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

வள்ளல்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கோபப்பட வேண்டாம். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கொடிக்கு வேண்டியது ஒரு குச்சி. பாரி கொடுத்தது தேர். இன்றைக்கு அப்படி வண்டியை நடுவழியில் விட்டுப்போனால் டோயிங்காரர்கள் கொடியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பேகனின் போர்வையை அந்த மயில் என்ன செய்தது என்பதிலும் எனக்கு நெடுநாள் ஐயம் உண்டு. நம் ஆய்வுக்குரியவரோ தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கொடுப்பதில்லை. ஒரே சொல். அதுவும் பாதி காற்றில் போய்விடும்.

ஆய்வுப் பொருளின் இயல்பு

சைடு ஸ்டாண்டு என்பது இருசக்கர வண்டியின் இடப்பக்கத்தில் இருக்கும் இரும்புக் கால். அதை மடக்க மறந்து கிளம்பினால் நேர்ச்சாலையில் ஒன்றும் நடக்காது. வலப்பக்கம் திரும்பினால் வண்டி வலப்பக்கம் சாயும். ஸ்டாண்டு தரையிலிருந்து இன்னும் விலகிப்போகும். இடப்பக்கம் திரும்பும்போதுதான் வினை. வண்டி இடப்பக்கம் சாயும், இரும்புக் கால் தரையில் ஊன்றும், வண்டி தூக்கிப் போடும். ஆகவே இந்த அறத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு: அடுத்த இடது திருப்பம். அன்னதானத்தை நாளைக்குத் தள்ளிப்போடலாம், ஏழைப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகத்தை ஜூன் மாதம் வாங்கிக் கொடுக்கலாம். இதை முக்குக் கடை வருவதற்குள் செய்து முடித்தாக வேண்டும்.

இதே இனத்தைச் சேர்ந்த பிற கூச்சல்களும் உண்டு. "இண்டிகேட்டர ஆஃப் பண்ணுங்க", "பின் வீல்ல காத்து இல்ல", "டிக்கி தொறந்திருக்கு", "பை ஜிப்பு", "அக்கா, ஷாலு!" முதலியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னது உயிர் காக்கும் வகை. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வைக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. நம்மவர் அதைச் சாரி கார்டு என்பார்கள். ஆனால் துணி எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில், புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் காரில் கிளம்பியபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட சால்வை சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். உலகக் கலை வரலாற்றில் எத்தனையோ பேர் இதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காருக்குப் பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வரவில்லை என்பதே இவ்வாய்வு கண்ட காரணம்.

மேலைநாட்டார் கொள்கைகளும் அவற்றின் போதாமையும்

அந்நியர் உதவுவது பற்றி உளவியலார் நிறையவே எழுதியிருக்கிறார்கள். டார்லி, பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் பேர்போனது. இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமி முனகிச் சரிந்து கிடப்பார். ஏற்பாடு செய்து வைத்த ஆள்தான். "இன்னும் நேரமிருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "ஏற்கெனவே லேட்டு, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். அந்த மாணவர்களில் பாதிப் பேர் பேசுவதற்குப் போய்க்கொண்டிருந்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. ஆக, அவசரம் அருளுக்குப் பகை என்று முடிவுகட்டினார்கள்.

பிரின்ஸ்டனுக்கு அது சரியாக இருக்கலாம். நம்மூர்ச் சாலைக்குப் பொருந்தாது. ஸ்டாண்டு தொங்குவதைப் பின்னால் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். முப்பதில் நிதானமாக வரும் பெரியவரும் பார்க்கிறார். பார்த்து, "அடடா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முப்பதிலேயே வருகிறார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? எட்டிப்பிடித்துச் சொல்லக்கூடியவர் அறுபதில் வருகிறவர் ஒருவரே. அவர் ஆபீசுக்கு நேரமானவர். ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் நம் முட்டியை உரசிக்கொண்டு போய் நம்மிடம் நாலு வார்த்தை வாங்கியவரும் அவராகவே இருக்கக்கூடும். நம் சாலைகளில் அவசரம்தான் அருளின் வாகனம். நிதானமானவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் அவர்களுடைய நன்மை நம்மை வந்து எட்டுவதில்லை.

இன்னொரு கொள்கை, கூட்டம் கூடினால் பொறுப்பு கரையும் என்பது. லாட்டனே என்பவரும் மேற்சொன்ன டார்லியும் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறைக்குள் மெல்லப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டும் காணாமல் இருக்கும்படி சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். இந்த ஆய்வாளர்களை மதுரை கோரிப்பாளையம் சிக்னலுக்கு ஒருமுறை அழைத்துவர வேண்டும். சிவப்பு விழுந்து வண்டிகள் நிற்கின்றன. ஒருவருடைய ஸ்டாண்டு கீழே கிடக்கிறது. இடப்பக்கத்து பைக்காரர் சொல்கிறார். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்துச் சொல்கிறார். பக்கத்து ஸ்கூட்டரில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி, பேரனின் முதுகில் தட்டி, "அந்தத் தம்பிகிட்ட சொல்லுடா" என்கிறார். நாலாவது ஆள் வாய் திறக்கும்போது ஸ்டாண்டு மேலே போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அவரும் சொல்லித்தான் தீர்வார்.

வழங்கும் முறை

வட்டார வேறுபாடுகளைப் பதிவுசெய்வது ஆய்வு மரபு. மதுரையில் "அண்ணே, ஸ்டாண்டு!" திருநெல்வேலியில் வயதைப் பார்த்து "அண்ணாச்சி" அல்லது "ஏல". சென்னையில் "தலைவா", "பாஸ்", "ஜி". மூன்றுக்கும் பொருள் வேறுபாடு கிடையாது. கோவையில் "ஏனுங்க, ஸ்டாண்ட எடுத்துக்குங்க". மரியாதையில் இதை மிஞ்ச ஆளில்லை என்றாலும், கடைசி "ங்க" வந்து சேர்வதற்குள் ஒரு இடது திருப்பம் கடந்துவிடும் அபாயம் உண்டு. பெண்களிடம் சொல்லும்போது உறவுமுறை இல்லாமல் யாரும் சொல்வதில்லை. மீசை நரைத்தவர்கூட "ஏம்மா, ஷாலு!" என்றுதான் கத்துவார், காலேஜ் பையனுக்கு எதிரே வருகிறவர் எல்லோரும் அக்கா. மற்ற நேரங்களில் பெண்களின் வண்டியைத் துரத்திக்கொண்டு வருகிற ஆண்கள்மேல் நியாயமான சந்தேகம் உண்டல்லவா? அந்த ஒரு "அக்கா"தான் அதைத் தீர்க்கும் அடையாள அட்டை.

ஹெல்மெட் வந்தபிறகு சைகை மொழி வளர்ந்திருக்கிறது. விரல்களைக் குவித்து விரித்தால் லைட்டு. ஓடும் வண்டியிலிருந்து இடது காலை நீட்டிக் குதிகாலை ஆட்டினால் ஸ்டாண்டு. முன்பின் தெரியாதவர்முன் காலை நீட்டி ஆட்டுவது வேறெந்தச் சூழலிலும் போலீஸ் ஸ்டேஷனில் போய் முடியும். இங்கே அதற்குப் பதிலாகக் கையைத் தூக்கிக் கும்பிடுகிறோம்.

இவ்வாய்வின் மையமான கண்டுபிடிப்பு தொனி பற்றியது. இந்த உதவி பெரும்பாலும் திட்டாகவே வந்து சேர்கிறது. "யோவ், ஸ்டாண்ட எடுய்யா! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" இந்த இரண்டாம் வாக்கியம் நம் சாலைகளின் நிரந்தர வசவு. குறுக்கே போனாலும் இதுதான், சிக்னலைத் தாண்டினாலும் இதுதான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அது அக்கறையான விசாரிப்பாக மாறிவிடுகிறது; வீட்டில் நாலு பேர் காத்திருக்கிறார்களே என்ற கவலை அதற்குள் இருக்கிறது. கனிவாகச் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. கனிவாகச் சொன்னால் நாம் கடன்பட்டுப்போவோம். அந்த ஆளோ அதற்குள் அடுத்த சிக்னலில். நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? நம்பர் பிளேட்டைப் பார்த்து விலாசம் தேடவா முடியும்? திட்டிவிட்டுப் போனால், "எவ்வளவு வாய் பாரு" என்று நாமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம், ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். சரியாக இருமடங்கு. இதில் ஏதோ சூட்சுமம் இருப்பதாக அடுத்து வரும் ஆய்வாளர் எவரேனும் நிறுவுவார். ஒன்றுமில்லை.

2017ஆம் ஆண்டு நெருக்கடி

2017 ஏப்ரல் 1 முதல், புதிதாக வரும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு தானாக எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. எதிரே வருகிறவர் கண்ணில் வண்டி பளிச்சென்று படட்டும் என்பதற்காக. நல்ல விதிதான். ஆனால் பகலில் லைட் எரிந்தால் பொறுக்காத ஒரு சமூகத்துக்கு அதை யாரும் முறையாகச் சொல்லவில்லை. விளைவு, புது வண்டி வாங்கியவர்கள் வீட்டிலிருந்து கிளம்பியதுமுதல் எதிரே வருகிறவர் எல்லோரும் விரலைக் குவித்து விரித்தார்கள். டீக்கடையிலிருந்து கத்தினார்கள். பஸ் டிரைவர்கள் தங்கள் விளக்கையே போட்டுப் போட்டு அணைத்துச் செய்தி சொன்னார்கள்.

இந்த நெருக்கடியில் மக்கள் மூன்று பிரிவாகப் பிரிந்தார்கள். விளக்கம் சொல்வோர் முதல் பிரிவு. "இது ஆஃப் ஆகாதுங்க, கவர்மெண்ட் ரூலு" என்று தொடங்கும்போதே எதிராளி அரை கிலோமீட்டர் போயிருப்பார். பேசாமல் தலையாட்டுவோர் இரண்டாம் பிரிவு, பெரும்பான்மை இவர்களே. மூன்றாம் பிரிவினரைத்தான் இந்த ஆய்வு வணங்குகிறது. சொன்னவர் மனம் நோகக்கூடாதென்று, வண்டியில் இல்லவே இல்லாத சுவிட்சை வலது கட்டைவிரலால் தேடி அழுத்துவதுபோல நடிப்பார்கள். உதவி செய்தவருக்கு உதவி செய்தோம் என்ற நிறைவைத் திருப்பிக் கொடுக்கும் இந்தச் செயல் ஈகையா, பொய்யா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஈகை என்றே நான் தீர்ப்பு எழுதுகிறேன்.

போலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. "அண்ணே, சக்கரம் சுத்துது!" என்று பதறிக் கத்தும் சிறுவர் கூட்டம் ஊருக்கு ஊர் உண்டு. கேட்டவர் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டு, சக்கரம் சுற்றத்தான் வேண்டும் என்று புரிந்து நிமிரும்போது சந்தில் ஆள் இருக்காது. இதைச் சமூகக் கேடு என்று சிலர் கருதலாம். கள்ளநோட்டு அடிக்கப்படுவது செல்லும் பணத்தில் மட்டும்தான். அந்நியன் சொல்லை நம்பி நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிறோம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது.

பொருளியல் பார்வை

விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை வழக்கு, விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. 2021இல் மத்திய அரசு, அடிபட்டவரைக் காலத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்தது. எல்லாம் தேவையான ஏற்பாடுகள். ஆனால் விழுந்தபின் தூக்கியவருக்கு வெகுமதி. விழாமல் தடுத்தவருக்கு ஒரு டீ கிடையாது. இந்த அநீதியைப் போக்கக் கோரி மனுப்போடும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் கைவிடவும். கூச்சலுக்கு நூறு ரூபாய் என்று அறிவித்துப் பாருங்கள், மறுநாளே சிக்னல்தோறும் ஒருவர் ஸ்டாண்டைத் தட்டிவிட இன்னொருவர் கத்துவார்.

இந்தக் கலை தேய்ந்துவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்போது வரும் பல வண்டிகள் ஸ்டாண்டு கீழே இருந்தால் நகர மறுக்கின்றன. லைட்டை அரசே எடுத்துக்கொண்டது. மிச்சமிருப்பவை ஷால், ஜிப், டிக்கி. கூடவே எந்தப் பொறியாளரும் இன்னும் கைவைக்காத ஒன்றும் இருக்கிறது: அப்பா அம்மாவுக்கு நடுவில் தூங்கிவழியும் குழந்தையின் காலிலிருந்து நழுவி விழும் செருப்பு. பின்னால் வருகிறவர் வண்டியை ஓரங்கட்டி, லாரிக்கு நடுவே ஓடி அதைப் பொறுக்கி, துரத்திவந்து நீட்டுவார். பெற்றவர்கள் அப்போதுதான் குழந்தையின் காலையே பார்ப்பார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் போகும் வண்டியில் குழந்தையின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தால், மற்றது பின்னால் எங்கோ பக்கத்தில்தான் கிடக்கும், எடுத்துக்கொண்டு போங்கள். ஹார்ன் அடித்து நிறுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். நம்மூரில் ஹார்ன் சத்தத்துக்கு யாரும் திரும்புவதில்லை. "அண்ணே!" என்று கத்துங்கள். நாலு பேர் திரும்புவார்கள், அவரும் அதில் இருப்பார்.