பிறக்கிராசி மருமகனுக்கு

மருமகன், வாங்க, இரிங்க. கோட்டுக்கு உடுத்துப்போன கோட்டக் கழட்டி அந்தக் கதிரையில போடுங்க. கல்முனையில வேர்த்தது போதும்.

உங்களப் 'பிறக்கிராசி' எண்டு நாலு பேருக்கு முன்னால நான் கூப்பிட்டதுக்கு முகம் கறுத்துட்டாமே. உங்கட உம்மா வந்து சொன்னா: "காக்கா, அது பட்டிக்காட்டுப் பேச்சாம். அவன் எட்டோர்னியாம்."

ஓம், நான் பட்டிக்காடுதான். ஆனா இளந்தாரி வயசில ஒரு புறொக்டருக்குப் பின்னால பைல் தூக்கித் திரிஞ்சவன், மருமகன். சட்டத்தரணிக்குப் பிறக்கிராசி எண்டது போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல்லு. மறுகா ஒல்லாந்தன் வந்து அப்புக்காத்து, நொத்தாரிசு, கந்தோர் எல்லாம் தந்தான். கடைசியா வந்த இங்கிலீசுக்காரன் 'புறொக்டர்' எண்டான். லத்தீன் வழியாப் பாத்தா புறொக்டரும் பிறக்கிராசியும் ஒரே உம்மாட புள்ளைகள். அவன் சுருக்கிச் சொன்னான், நாம நீட்டிச் சொன்னோம்.

இனித்தான் கூத்து. சீமையில 1873இல ஒரு சட்டம் போட்டாங்க. அது 1875இல நடைமுறைக்கு வந்ததோட கோட்டில புறொக்டருமில்ல, எட்டோர்னியுமில்ல. எல்லாரும் சொலிசிட்டர். எட்டோர்னி எண்டா தகிடுதத்தக்காரன் எண்டு அங்க அந்தப் பேரே நாறிப்போயிருந்தது. நம்மட நாட்டில புறொக்டர் இன்னும் தொண்ணூத்தெட்டு வருசம் உசிரோட இருந்தார். 1974 ஜனவரி முதலாந் திகதிதான் அவரையும் அட்வகேட்டையும் ஒண்டாக்கினாங்க. புதுசா வெச்ச பேரென்ன? எட்டோர்னி அட் லோ! வெள்ளைக்காரன் வேணாமெண்டு விட்டதுதான் உங்கட நீலப் போர்டில வெள்ளை எழுத்தில பளபளக்குது. அமெரிக்காவில எட்டோர்னி இன்னும் ஓடுது, சரி. அங்க புறொக்டர் எண்டா பரீட்சையில பாத்தெழுதுற பொடியனப் பிடிக்கிற ஆள். அத விடுவம்.

போர்டில என்னத்தையும் எழுதுங்க. வெள்ளாம வெட்டி, மடியில சல்லியோட வாற மனிசன் 'சட்டத்தரணி'ய பேப்பரில பாத்திருப்பான், வாயால சொல்லமாட்டான். "பிறக்கிராசி இரிக்காரா?" எண்டுதான் வாசல்ல நிண்டு கேப்பான். ஓமெண்டு சொல்லி உள்ளுக்கு எடுங்க. அப்புக்காத்து எண்டு யாரும் சொன்னா மட்டும் கோவிங்க. ஊட்டுக்க சும்மா வாயடிக்கிறவனுக்குத்தான் இப்ப அந்தப் பட்டம்.

அது கிடக்கட்டும். சம்மாந்துறைப் பக்கத்து வயலில அங்கால செய்றவர் வரம்ப வருசா வருசம் செதுக்கி, ஒரு முழம் நம்மட பக்கம் வந்துட்டார். இந்தா பழைய உறுதி. ஓரம் செல்லரிச்சாலும் நாலு எல்லையும் வாசிக்கலாம், அடியில புறொக்டர்ட முத்திரையும் கிடக்கு. எட்டோர்னிமார் எவ்வளவு கேக்குறாங்க எண்டு விசாரிச்சிட்டன், மருமகன். பிறக்கிராசி எவ்வளவு எடுப்பார்?