ஒரு ‘வாங்க’ இன்னா வெலை?

வாங்க வாத்தியாரே, குந்துங்க. அந்தப் பக்கம் ஆணி நீட்டிகினு கீது, இப்படி நகந்து குந்துங்க. இன்னா சொன்னீங்க? பசங்க வாயைத் தொறந்தா காது குடுத்துக் கேக்க முடியலையா? அதுக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து நல்லொழுக்கத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசணுமா? கும்மிடிப்பூண்டி சுத்துவட்டாரத்துல இம்மாம் பேரு கீறப்ப என்னைத் தேடிப் புடிச்சீங்களே, ஆளை எடை போடத் தெரியாத மனுசன்தான் நீங்க.

பேசறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. பசங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னாடியே சொல்லியாச்சே, அதான் யோசனையா கீது. 2016ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை தீர்ப்பு குடுத்துச்சு, ஆறாம் கிளாஸுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் திருக்குறளைச் சொல்லிக் குடுங்கன்னு. அடுத்த வருசம் அரசாணை வந்துச்சு. 105 அதிகாரம், கிளாஸுக்கு 15. இன்பத்துப்பாலைச் சேக்கலை. அதைப் பசங்க பஸ் ஸ்டாண்டுல தானாவே படிச்சுக்குவாங்கன்னு பெரியவங்களுக்கு ஒரு நம்பிக்கை. வாய் எப்படிப் பேசணும்னு மட்டும் வள்ளுவரு எத்தினி எழுதிகீறாரு பாருங்க. 10ஆவது அதிகாரம் இனியவை கூறல், 19ஆவது புறங்கூறாமை, 20ஆவது பயனில சொல்லாமை, போதாதுன்னு 65ஆவது சொல்வன்மை. அந்த 20ஆவதை இந்த டீக்கடையில அமல்படுத்தினா சாயந்தரமே கடையைச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்.

அதனால புள்ளைங்களுக்குப் பாடத்துல கொறை இல்ல. கெட்ட வார்த்தை பேசுறாங்கன்னு வருத்தப்படுறீங்க, எனக்கு அது பெரிசாத் தெரியலை. வேலைக்குப் போனா பாதி கொறையும், கல்யாணம் ஆனா மீதியும் அடங்கிடும். நீங்க காது வெக்காத இன்னொண்ணு கீது. அது எல்லாம் நல்ல வார்த்தைதான். வா, போ, டேய், இன்னா. இதுல ஒரு எழுத்தும் கெட்டது கெடையாது, எந்த ஹெட்மாஸ்டரும் இதுக்குப் புள்ளையை முட்டி போட வைக்க மாட்டாரு. யாரைப் பாத்து சொல்றாங்கன்றதுலதான் வெவகாரமே கீது.

காலைல ஷிஃப்டு மாறுற நேரம் சிப்காட் பக்கம் போயி ஒரு கால் மணி நில்லுங்க. மூஞ்சைக் கூடப் பாக்க மாட்டாங்க நம்ம ஆளுங்க, கழுத்துல தொங்குற அட்டையைப் பாத்து பேசுவாங்க. மேனேஜருக்கு சாரு, சூப்பர்வைசருக்கு அண்ணே, கான்ட்ராக்ட்டுல வந்தவனுக்கு டேய். ஒடிசாக்காரன் ஒருத்தன், நாப்பது வயசு இருக்கும், ஊர்ல ரெண்டு பொண்ணுக்கு அப்பன். அவனை நம்ம தெருப் பையன், இன்னும் மீசை ஒழுங்கா மொளைக்கலை, ‘டேய் பையா’ன்னு கூப்புடறான். இன்னாடா இதுன்னு கேட்டா, “தாத்தா, பையான்னா இந்தியில அண்ணன். மரியாதையாத்தான் கூப்புடறேன்”னு எனக்குப் பாடம் நடத்துறான். அண்ணனுக்கு முன்னாடி எதுக்குடா அந்த ‘டேய்’னு கேட்டேன். பஸ்ஸு வந்துடுச்சுன்னு ஓடிட்டான்.

கம்பெனி வாசல்ல எச்சரிக்கை போர்டு தமிழு, தெலுங்கு, இந்தி, இங்கிலீஷுன்னு வரிசையாத் தொங்கும். திட்டறது மட்டும் தமிழ்லதான். வந்து எறங்கினவன் மொத வாரத்துல கத்துக்கிறதும் அதைத்தான். தாய்மொழியை வளக்குறதுல நமக்கு அம்மாம் அக்கறை.

வெளி மாநிலத்துப் புள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லித் தரதுக்கு ‘தமிழ் மொழி கற்போம்’னு அரசாங்கம் ஒரு திட்டம் வெச்சிகீது, உங்களுக்குத் தெரியாததா? அந்தப் புள்ள உங்ககிட்ட ‘வாருங்கள்’னு அழகா எழுத்துக் கூட்டிப் படிக்கும். மணி அடிச்சதும் வெளிய வரும். அதோட அப்பனை நம்மாளு ‘ஏய், இங்க வா’ம்பான். இப்ப பரிட்சையில அது எதை எழுதணும்? நீங்க சொல்லித் தந்ததையா, ரோட்டுல கேட்டதையா? மார்க்கு எதுக்குப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அது எதை ஞாபகம் வெச்சுக்கும்ன்றதும் எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு ரெண்டு மூணு பாஷை ஒண்ணும் புதுசு இல்ல. செப்டம்பர் 5ஆம் தேதி நீங்க எல்லாம் மாலை போடுறீங்களே ராதாகிருஷ்ணன், 1888ல நம்ம திருத்தணியில பொறந்தவரு, வீட்டுல தெலுங்கு. அந்தத் திருத்தணியே 1960லதான் ஆந்திராவுலேர்ந்து நம்ம பக்கம் வந்துச்சு. ஆரம்பாக்கம் தாண்டினா தடா, அப்பால சூளூர்ப்பேட்டை. எல்லையில பொறந்தவன் ரெண்டு பாஷையில மரியாதை கத்துகினு இருக்கணும். நாங்க சாமர்த்தியசாலிங்க, ரெண்டு பாஷையில பேரம் பேசக் கத்துகினோம்.

மரியாதை தெரியாத சனம்னு மட்டும் எங்களை நெனைச்சிடாதீங்க. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை ராத்திரி. மைசூர்லேர்ந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில மெயின் லைன்ல நேராப் போவ வேண்டியது, லூப் லைன்ல பூந்து அங்க நின்னுகினு இருந்த கூட்ஸு மேல மோதிச்சு. பன்னெண்டு பெட்டிக்குக் கொறையாம தடம் பொரண்டுச்சு, நெருப்பு வேற. அடிபட்டவங்க உண்டு, ஆனா ஒரு உசுரும் போவலை. சத்தம் கேட்டு மொதல்ல ஓடினது சுத்துப்பட்டு ஊர் சனம்தான். பூஜைக்குப் பொரி கடலை வெச்சவன் வெச்ச எடத்துலயே போட்டுட்டு ஓடினான். ஆயிரம் பேருக்கு மேல, பீகாரு பக்கம் போற சனம். கல்யாண மண்டபத்துல எடம் குடுத்து, சோறு தண்ணி குடுத்து, பஸ்ஸுல ஏத்தி சென்ட்ரலுக்கு அனுப்பி, விடியறதுக்குள்ள வேற ரயிலு புடிச்சு ஊருக்குப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி நம்மாளுங்க வாயைக் கேட்டிருக்கணும். பாத்து எறங்குங்கம்மா, பயப்படாதீங்க, தண்ணி குடிங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா ஒரு ‘ங்க’ கூட வுட்டுப் போவலை.

பீரோவுல வெச்ச பட்டுப் பொடவை மாதிரி நம்மகிட்ட அது பத்திரமா கீது. ரயிலு கவுந்தா எடுத்துக் கட்டுவோம். பண்டிகை லீவு முடிஞ்சு கம்பெனி தொறந்ததும் மடிச்சு உள்ள வெச்சுட்டு, பழையபடி ‘வடக்கன்’னு ஆரம்பிச்சிடுவோம். அந்தப் பேர்லயே பாஸ்கர் சக்தி ஒரு படம் எடுத்தாரு. சென்சாரு ஒத்துக்கலை, ‘ரயில்’னு பேரை மாத்தி அதே 2024லதான் வெளியிட்டாங்க. சினிமாவுக்குக் கத்திரி போட ஆளு கீது. நம்ம திண்ணைக்கு எந்த ஆபீசரு வருவாரு?

இன்னொண்ணு சொன்னா எனக்கு ஊர்ல டீ கெடைக்காது. இருந்தாலும் சொல்லிடறேன், எப்படியும் இன்னிக்கு டீ உங்க கணக்கு. ஏரிக்கரையாண்ட இருளர் குடிசைங்க கீதே, அங்க எழுபது வயசு பெரியவரு ஒருத்தரு. அவரைத் தெருவுல கால்சட்டை போட்ட பொடிசு பேரைச் சொல்லிக் கூப்புடும். ஏண்டான்னா, நைனா அப்படித்தான் கூப்புடுவாருன்னு சொல்லும். அந்த நைனா அவரோட நைனாகிட்ட கத்துகினாரு. இதுக்கு புஸ்தகம் இல்ல, சிலபஸ் இல்ல, டியூசன் இல்ல, ஆனா ஊரே நூத்துக்கு நூறு பாஸு. 2023ல செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ரெண்டு பேரு, வடிவேல் கோபாலு, மாசி சடையன், பாம்பு புடிக்கிறவங்க, பத்மஸ்ரீ வாங்கினாங்க. டில்லிக்குப் போயி ராஷ்டிரபதி கையால மெடலு வாங்கினாத்தான் ஒரு ‘வாங்க’ கெடைக்கும்னா, மீதி இருளர் எல்லாம் ஆளுக்கு ஒரு பாம்போட கியூவுல நிக்க வேண்டியதுதான்.

நாங்குநேரியில 2023 ஆகஸ்டுல ஒரு பையனைக் கூடப் படிச்ச பசங்களே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டினாங்க இல்ல, அப்பால ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு 610 பக்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு. பள்ளிக்கூடப் பேர்ல சாதி வேணாம், கையில கலர் கயிறு வேணாம், புள்ளையை வாத்தியாரு சாதியைச் சொல்லிக் கூப்புடக் கூடாதுன்னு வெவரமா எழுதிகீறாரு. நல்லதுதான். அந்த 610 பக்கத்தையும் காம்பவுண்டுக்குள்ள நீங்க சுத்தமா அமல்படுத்திட்டீங்கன்னே வெச்சுக்குவோம். நாலு மணிக்கு மேல புள்ள இந்தப் பெஞ்சாண்டதான வருது? இங்க நாங்க கீறோமே, மாலை வகுப்பு எடுக்க.

உங்களை நான் நீங்க, வாங்கன்னு பேசறேனே, என் பேரன் வயசு உங்களுக்கு. பி.எட்.டு படிச்சதுக்காகன்னு நெனைச்சுக்காதீங்க. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற ஆளு. பகுதிநேர வாத்தியாரா இருந்திருந்தீங்கன்னா, ‘நீ’யும் இல்லாம ‘நீங்க’ளும் இல்லாம, “சாப்புட்டாச்சா, எப்ப வந்தாப்புல”ன்னு இழுத்து சமாளிச்சிருப்பேன்.

சரி, வரேன். கூட்டத்தை மட்டும் மாத்திடுங்க. பசங்களை கிரவுண்டுல வெளையாட வுடுங்க. அவங்க எடத்துல அப்பன்மாருங்களைக் குந்த வையுங்க. லேபர் கான்ட்ராக்டரைக் கூப்புடுங்க, வார்டு மெம்பரை மறந்துடாதீங்க, அவரு இல்லன்னா கூட்டமே நடக்காது. பொன்னாடையை எனக்குப் போத்தாதீங்க, ஏற்கெனவே வேர்க்குது. உங்க பள்ளிக்கூடத்துல விடியகாலைல வந்து கக்கூஸு கழுவிட்டுப் போறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்குப் போத்துங்க. அவங்க பேரு இன்னா? இன்னாது, ஆயாவா? உங்களைவிட மூணு வயசு பெரியவங்களா இருப்பாங்க, அதுக்குள்ள பாட்டியாக்கிட்டீங்களா? இன்விடேசன்ல ‘ஆயா அவர்கள்’னு அடிக்க முடியாது வாத்தியாரே. நாளைக்கு வெள்ளன போயி பேரைக் கேட்டுகினு வாங்க, அப்பால பிரஸ்ஸுக்குக் குடுக்கலாம்.

தம்பி, அஸ்ஸாமு! ரெண்டு டீ போடுங்க. சக்கரை கம்மியாப் போட்டு எடுத்துகினு வாங்க.

பாருங்க, ‘போடுங்க’ன்னதும் புள்ள எப்படி முழிக்குதுன்னு. கடன் சொல்லப் போறேன்னு நெனைச்சிடுச்சு. நீங்களே காசைக் குடுத்துடுங்க சாரு.