வயரை அறுக்குறதுக்கு முன்னால ஒரு பேச்சு, மாப்பிள்ள

மாப்பிள்ள, அந்தக் கவ்வாத்துக் கத்தியக் கீழ வைங்க. அது தேயிலைக்கு வாங்கினது, டீவி வயருக்கு இல்ல. பொங்கல் லீவுக்குக் கொழும்புலருந்து வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா புள்ளையோட என்ன சண்டை? "போங்க டாடி, மொக்க போடாதீங்க"ன்னு சொல்லிட்டானாம். றொசல்லயில பொறந்த பய மெட்ராஸ்காரன் மாதிரி பேசுறான்னா, இந்த லயத்துல அவன்கிட்ட அதிகமாப் பேசுற ஆளு யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. என் மக விடியக்காலம் பெரட்டுக்குப் போனா, கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வர்றப்ப பொழுது சாய்ஞ்சிரும். நீங்க புடவைக் கடையில. போன் எடுத்தா "படிக்கிறியா?"ங்கிற ஒரு கேள்வியோட சரி. நான் வீட்டுலதான் கெடக்கேன். எனக்குக் காது மந்தம், அது அவனுக்கு வசதி. மிச்சம் யாரு? அந்தப் பெட்டிதான்.

நானும் கூட உட்காந்து பார்க்கிறவன். கண்ணு மங்கிருச்சுன்னு உங்க மாமியார்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், இல்லாட்டி வெறகு பொறக்கப் போகச் சொல்லுவா. அதனால கேட்டுக்குங்க, வெவரம் தெரிஞ்ச ஆளுதான் சொல்றேன். 2004ல சன் டீவியில 'மை டியர் பூதம்'னு ஒண்ணு வந்திச்சே, மூசான்னு ஒரு பொடிப் பூதம், கௌரின்னு ஒரு புள்ள. அது இப்பவும் போன்ல ஓடுது. 2007ல சுட்டி டீவி வந்து, டோராவும் தமிழ் பேச ஆரம்பிச்சா. அதுக்கும் முந்தி அமெரிக்காவுல 1985லயே 'ஸ்மால் வொண்டர்'னு ஒரு நாடகம். அப்பன்காரன் யந்திரத்துல ஒரு பொம்பளப் புள்ளயச் செஞ்சு வீட்டுல ஒளிச்சு வைக்கிறான், அது வீட்டு வேலையெல்லாம் பார்க்குது. அதைப் பார்த்துட்டு இவன் எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு கேட்டான். உனக்கு எதுக்குடா யந்திரம், நீ கால் மேல கால் போட்டுட்டு இருக்கிறப்ப கோப்பை கழுவுறது யாருன்னு கேட்டேன். அவன் அக்கா அங்கருந்து சிரிச்சா. அவனுக்குத்தான் சிரிப்பு வரல.

இதுல புள்ளைங்களுக்கு அப்படி என்ன ருசின்னு கேட்டீங்களே, அதைச் சொல்றேன். அந்தக் கதைகள்ல பெரியவங்க எல்லாம் மடையனுங்க, சின்னதுங்களுக்குத்தான் புத்தி. வாத்தியார் வழுக்கி விழுவாரு, பக்கத்து வீட்டுக்காரன் பொய் சொல்லி மாட்டிக்குவான். நாள் பூரா "ஓடாத, தொடாத, பேசாத"ன்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கிற புள்ளைக்கு அது பெரிய ஆறுதல்தானே? எல்லாத்தையும் விட ஒண்ணு இருக்கு. அந்தக் கதைகள்ல அப்பன்காரன் எந்நேரமும் வீட்டுலதான் இருப்பான். என்ன வேலை பார்க்கிறான், சம்பளம் எவ்வளவு, ஒண்ணும் தெரியாது. குழாயத் திருத்தப் போயி வீட்டையே தண்ணியாக்குவான், ஏணியிலருந்து விழுவான். அன்னைக்கு நம்ம பய ரொட்டியப் பிச்சுக் கையில வச்சிக்கிட்டுப் பார்த்திட்டிருந்தான். அப்பன் விழுந்தான், டீவி சிரிச்சுது, இவனும் சிரிச்சான். கடைசியில அந்த அப்பன் மகன்கிட்ட வந்து உட்காந்து தோள்ல கையப் போட்டான். அங்க டீவி சிரிக்கல. இவன் கையில இருந்த ரொட்டி வாய்க்குப் போகவே இல்ல, விரல் மட்டும் சம்பல்ல கோடு கிழிச்சிக்கிட்டு இருந்திச்சு. அந்த மடையனைப் பார்க்கத்தான் மாப்பிள்ள, அவன் அங்க உட்கார்றான். நீங்க வயர அறுக்க வாறீங்க.

சரி, குத்தம் சொல்லாம விடுவேனா? அந்தச் சிரிப்புச் சத்தமே எனக்கு ஆகாது. 1950கள்லயே அமெரிக்காவுல சார்லஸ் டக்ளஸ்னு ஒரு சத்தப் பொறியாளர் இதுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு வச்சிருக்காரு. பொத்தான அமுக்கினா சிரிப்பு வரும், இன்னொண்ண அமுக்கினா பெரிய சிரிப்பு. பேத்தி போன்ல பார்த்துச் சொன்னா. எனக்கு ஆச்சரியமே இல்ல. தொர பெரட்டுக் களத்துல பகிடி விட்டா மொதல்ல கங்காணி சிரிப்பான், பொறகு நாங்க எல்லாரும் சிரிப்போம், ஒருத்தனுக்கும் விளங்கியிருக்காது. எங்க சிரிக்கணும்னு அடுத்தவன் சொல்லிக்குடுக்கிற அந்தப் பழக்கத்துலருந்து வெளிய வர எங்களுக்கு நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப அதையே பேரன் காசு கட்டிப் படிக்கிறான்.

யாரப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னும் பாருங்க. குண்டுப் பய, கண்ணாடி போட்ட பய, திக்கிப் பேசுறவன். மாசி மாசம் காமன் கூத்துல நம்ம கோமாளி யாரக் கேலி பண்ணுவான்? கங்காணி நடக்குற நடைய நடந்து காட்டுவான், கணக்கப்பிள்ளை பேர் போடாம விட்டதச் சொல்லிக் காட்டுவான். அடுத்த நாள் அவனுக்கு மேட்டு மலை வேலைதான் கெடைக்கும், அது வேற கதை. ஆனா அவன் மேல இருக்கிறவனத்தான் இடிச்சான். இந்த நாடகத்துக்காரங்க கீழ கெடக்குறவனயே மிதிக்கிறாங்க.

அப்புறம் அந்த அரைமணி நேரம். எந்தத் தொல்லை வந்தாலும் அரைமணியில முடியணும். முடியாட்டிப் பூதத்தக் கூப்புடு. நம்மாளுங்க நாள் சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டு எத்தன வருசம் ரோட்டுல நின்னாங்க? 2021ல சம்பளச் சபை வழியா வர்த்தமானியில போட்டுத்தான் அது வந்திச்சு, அதுவும் 900ம் 100மாப் பிரிச்சு. மூசா இருந்திருந்தா விளம்பரத்துக்கு முன்னாலயே முடிச்சுக் குடுத்திருப்பான். அந்தக் கதைகள்ல வீட்டுக்குள்ள மாடிப்படி இருக்கு, ஆளுக்கொரு ரூம் இருக்கு. நம்ம பய 10க்கு 12 அடிக் காம்பராவுல உட்காந்து, கோவம் வந்தா மாடிக்கு ஓடிப்போயிக் கதவச் சாத்துற புள்ளயப் பார்க்கிறான். இவனுக்குக் கோவம் வந்தா எங்க போவான்? இஸ்தோப்புக்குத்தான். அங்க நான் இருப்பேன். மழையும் இருக்கும். வட்டவளைப் பக்கத்து மழை வந்தா டிஷ் புள்ளி புள்ளியா வெட்டும், பூதமும் பாதியில நின்னுரும். அந்த ஒரு நேரந்தான் இந்த வீட்டுல எல்லாரும் மூஞ்சிய மூஞ்சி பார்க்கிறது.

ஒரு விசயத்துல எனக்குச் சிங்கள ஆளுங்க மேல பொறாமை. ரூபவாஹினி டீவி 1982ல வந்தப்ப கார் பெட்டரியில ஓட்டி, லயமே ஒரு வீட்டுல கூடிப் பார்த்த காலம். டைட்டஸ் தொட்டவத்தன்னு ஒரு படைப்பாளி, வெள்ளைக்காரன் கார்ட்டூன எடுத்துச் சுத்தச் சிங்களத்துல பேச வச்சாரு. அவரோட 'தொஸ்தர ஹொந்த ஹித்த' பார்த்து சிங்களம் பழகின தமிழ்ப் புள்ளைங்க இந்தத் தோட்டத்துலயே இருக்கு. அந்த மிருகங்க பேசுறதக் கேட்டா பக்கத்துக் கிராமத்து ஆளு பேசுற மாதிரியே இருக்கும். நமக்கோ தமிழ்ன்னா மெட்ராஸ்லருந்து கப்பல்ல வரணும். இங்கயும் தமிழுக்குச் சக்தி டீவி 1998லருந்து இருக்கு, வசந்தம் டீவியும் வந்திருச்சு. பெரட்டுன்னும் கொழுந்துன்னும் பேசுற ஒரு புள்ளயோட சிரிப்புக் கதைய நான் அதுல இன்னும் பார்க்கல. காதுதான் மந்தம், கண்ணு நல்லாத்தான் இருக்கு, மாமியார்கிட்டச் சொல்லிறாதீங்க.

அதனால வயர விடுங்க. லீவு முடியிற வரைக்கும் பயலோட பக்கத்துல உட்காருங்க, டீவி சிரிக்கிற இடத்துல நீங்க சும்மா இருங்க. ஏன்டா சிரிக்கிறன்னு அவன்கிட்டயே கேளுங்க, சொல்லத் தெரியாம முழிப்பான். அப்ப நீங்க சிரிச்சுக்கலாம். அப்படியே அந்த டீவிக்காரங்களுக்கும் ஒரு கடுதாசி போடுங்க: தோட்டத்துப் புள்ளைங்கள வச்சு ஒரு கதை எடுங்கன்னு. ஏணியிலருந்து விழுற அப்பன் வேசத்துக்கு ஆள் இல்லன்னு சொன்னா உங்க பேரையே எழுதிருங்க, முகவெட்டு பொருத்தமாத்தான் இருக்கு. சம்பளத்த மட்டும் நாள் கணக்குல பேசிறாதீங்க.